நிலவின் மேலோடும் நாமக்கல் பாறையும்

போட்டித் தேர்வு வழிகாட்டிகளில் நடப்பு நிகழ்வுகள் பகுதியைப் புரட்டினால் இந்த வரி எங்காவது கண்ணில் படும்: 'சந்திரயான் லேண்டர் சோதனைக்கான மண் எடுக்கப்பட்ட இடம் – சித்தம்பூண்டி, நாமக்கல் மாவட்டம்.' அதற்கு மேலே ஏவப்பட்ட தேதி இருக்கும், கீழே தரையிறங்கிய தேதி இருக்கும். தேர்வுக்குப் படிப்பவர்கள் மூன்றையும் ஒரே மூச்சில் மனப்பாடம் செய்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போகிறார்கள். ஒரு மதிப்பெண் கேள்விக்கு அது போதும். ஆனால் மற்ற இரண்டு வரிகளையும்போல இந்த வரியைக் கடந்துபோக எனக்கு மனம் வருவதில்லை. முட்டைக்கும் லாரிக்கும் பேர்போன ஒரு மாவட்டத்தின் பாறை, மூன்று லட்சத்து எண்பதாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் நிலவின் தரைக்கு எப்படி ஒத்துப்போனது? வழிகாட்டிகள் இதைக் கேட்பதில்லை. கேட்டால் விடை நானூற்றைம்பது கோடி ஆண்டுகள் பின்னால் போகிறது.

முதலில் தேவை என்ன என்று பார்ப்போம். லேண்டரின் கால்கள் தரையைத் தொடும்போது எவ்வளவு புதையும், ரோவரின் ஆறு சக்கரங்களும் வழுக்காமல் ஓடுமா, இறங்கும்போது கீழே பார்க்கும் கருவிகளுக்குத் தரை எப்படித் தெரியும் என்பதையெல்லாம் பூமியிலேயே சோதித்துப் பார்த்துவிட வேண்டும். அதற்குப் பெங்களூரில் ஒரு பெரிய கூடத்தில் நிலவின் தரையைச் செயற்கையாக அமைத்தார்கள். அதை நிரப்ப அறுபது எழுபது டன் மண் வேண்டியிருந்தது. அமெரிக்காவிலிருந்து செயற்கை நிலவு மண்ணை வாங்கினால் கிலோவுக்குச் சுமார் 150 டாலர் ஆகும் என்று, அப்போது பெங்களூர் செயற்கைக்கோள் மையத்துக்குத் தலைமை வகித்த மயில்சாமி அண்ணாதுரை பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அறுபது டன்னுக்கே தொண்ணூறு லட்சம் டாலர்.

செலவை மிச்சப்படுத்திய கதையாகத்தான் இது பெரும்பாலும் சொல்லப்படுகிறது. என் பார்வையில் அது பாதிக் கதை. அமெரிக்காவில் அதிகம் புழங்கிய ஜேஎஸ்சி-1 என்ற செயற்கை மண், அரிசோனாவின் எரிமலைச் சாம்பலிலிருந்து செய்யப்பட்டது. வேதியியலில் அது பசால்ட். நிலவில் பசால்ட் இருப்பது, நாம் வெறுங்கண்ணால் பார்க்கும் கருந்திட்டுகளில். அவற்றைத்தான் பழைய வானியலாளர்கள் கடல்கள் என்று நினைத்துப் பெயரிட்டார்கள். இந்தியா இறங்க நினைத்ததோ தென்துருவத்தை ஒட்டிய மேட்டு நிலத்தில், அதாவது நிலவின் வெளிறிய பகுதியில். அங்கே தரை வேறு. அந்தத் தரையைச் செய்ய அனார்த்தோசைட் என்ற பாறை வேண்டும். பூமியில் அது அரிது. நிலவின் மேட்டு நிலத்துக்கு நெருங்கிய கலவையோடு கிடைப்பது இன்னும் அரிது. அமெரிக்கர்கள் மேட்டு நில மண்ணைச் செய்தபோது மொன்டானா மாநிலத்து ஸ்டில்வாட்டர் பாறைகளைத் தேடிப் போனார்கள். நமக்குச் சித்தம்பூண்டி இருந்தது.

சித்தம்பூண்டி, குன்னமலை பகுதிகளில் இந்தப் பாறை இருப்பது நிலவியலாளர்களுக்குப் புதிய செய்தி அல்ல. ஏ.பி. சுப்ரமணியம் 1956-இல் இந்தப் பாறைத் தொகுதியைப் பற்றி எழுதிய விரிவான ஆய்வு இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. அதில் சேலம் மாவட்டம் என்று இருக்கும். நாமக்கல் தனி மாவட்டமானது 1997-இல்தான். வெள்ளைப் பாறைக்குள் சிவந்த குருந்தக் கற்கள் பதிந்திருப்பதும், குரோமைட் கரும்பட்டைகளாக ஓடுவதும் இந்த இடத்தின் தனி அழகு. இந்திய நிலவியல் ஆய்வு மையம் இங்கே பிளாட்டினம் வகை உலோகங்கள் இருப்பதையும் கண்டறிந்திருக்கிறது.

சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தின் நிலவியல் துறை சுமார் 50 டன் மண்ணை இஸ்ரோவுக்கு அனுப்பியது. பாறையை உடைத்து அனுப்பினால் போதாது. நிலவில் காற்று இல்லை, நீர் இல்லை. ஆற்று மணல் உருண்டு உருண்டு மழுங்குவதைப்போல அங்கே எந்தத் துகளும் மழுங்குவதில்லை. கோடிக்கணக்கான ஆண்டுகளாக நுண்விண்கற்கள் மோதி மோதி நொறுக்கிய மண் அது. ஒவ்வொரு துகளும் உடைந்த கண்ணாடிச் சில்லாகக் கூர்மையானது, பெரும்பாலானவை ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இராது. 1972-இல் அப்பல்லோ 17-இல் போன ஹாரிசன் ஷ்மிட் அந்தத் தூசியைச் சுவாசித்துத் தும்மலும் மூக்கடைப்புமாக அவதிப்பட்டார். விண்வெளி உடைகளின் மேலுறையையே அது அராவியிருக்கிறது. ஆகவே பாறையைப் பொடித்து, சலித்து, அளவு வாரியாகப் பிரித்து, அப்பல்லோ 16 கொண்டுவந்த மேட்டு நில மண்ணின் விவரங்களோடு ஒப்பிட்டுக் கலந்தார்கள். பெங்களூர்க் கூடத்தில் சூரிய ஒளிக்கு ஸ்டுடியோ விளக்குகள். நிலவின் ஈர்ப்பு பூமியின் ஈர்ப்பில் ஆறில் ஒரு பங்கு என்பதால், ரோவரின் எடையைக் குறைக்க ஹீலியம் பலூன். இந்த மண்ணைத் தயாரிக்கும் முறைக்கு 2020-இல் இஸ்ரோ காப்புரிமை பெற்றது.

இனி, முதலில் கேட்ட அந்த 'எப்படி'.

1969 ஜூலை 20 அன்று அப்பல்லோ 11 இறங்கியது ஒரு கருந்திட்டில், அமைதிக் கடல் என்று பெயர் பெற்ற இடத்தில். கொண்டுவந்த மண்ணில் எதிர்பார்த்தபடி பசால்ட் துகள்கள். அவற்றுக்கு நடுவே, சிறு அளவில், வெள்ளைத் துணுக்குகளும் இருந்தன. எங்கோ தொலைவில் இருந்த மேட்டு நிலத்திலிருந்து, விண்கல் மோதலில் சிதறி வந்து விழுந்தவை. ஜான் வுட் என்பவரும் அவரது குழுவினரும் அந்தத் துணுக்குகளை ஆராய்ந்து அனார்த்தோசைட் என்று கண்டார்கள். அதிலிருந்து அவர்கள் போன தூரம்தான் என்னை இன்றும் மலைக்க வைக்கிறது. நிலவின் வெளிறிய மேலோடு முழுவதுமே இந்தப் பாறையாகத்தான் இருக்க வேண்டும். அப்படியானால் பிறந்த புதிதில் நிலவின் மேற்பகுதி முழுவதும் உருகிய பாறைக் குழம்பாக, பல நூறு கிலோமீட்டர் ஆழமுள்ள மேக்மா கடலாக இருந்திருக்க வேண்டும் என்றார்கள். அதே காலத்தில் ஜோசப் ஸ்மித்தும் குழுவினரும் தனியே இதே முடிவுக்கு வந்தார்கள். அது 1970. சில வெள்ளைத் துணுக்குகளை வைத்து ஒரு கோளத்தின் பிறப்பையே எழுதிவிட்டார்கள்!

அவர்களின் வாதம் எளிமையானது. இளம் பூமியின்மீது மற்றொரு கோள் மோதி, அந்தச் சிதறலிலிருந்து சுமார் 450 கோடி ஆண்டுகளுக்கு முன் நிலவு திரண்டது என்பது இன்று பெரும்பாலோர் ஏற்கும் கருத்து. அத்தனை வெப்பத்தில் திரண்டது உருகித்தான் இருக்கும். குழம்பு ஆறத் தொடங்கியபோது இரும்பும் மெக்னீசியமும் நிறைந்த கனமான படிகங்கள் முதலில் உருவாகி அடியில் தங்கின. குழம்பின் பெரும்பகுதி இப்படி உறைந்த பிறகு, கால்சியமும் அலுமினியமும் கொண்ட பிளாஜியோகிளேஸ் என்ற வெளிறிய கனிமம் படிகமானது. எஞ்சிய குழம்பைவிட அதன் அடர்த்தி குறைவு. ஆகவே பால் ஆறும்போது மேலே ஏடு படிவதைப்போல அது மிதந்து திரண்டது. திரண்டு திரண்டு முப்பது நாற்பது கிலோமீட்டர் தடிமனில் உறைந்த அந்த மிதவைதான் நிலவின் மேலோடு. ஏறத்தாழ பிளாஜியோகிளேஸ் மட்டுமே கொண்ட பாறைக்குத்தான் அனார்த்தோசைட் என்று பெயர். நிலவொளி என்று நாம் ரசிப்பதில் பெரும்பங்கு, இந்த வெளிறிய பாறையில் பட்டுத் திரும்பும் வெயில். பிற்காலத்தில் உள்ளிருந்து பொங்கிப் பள்ளங்களை நிரப்பிய பசால்ட் எரிமலைக் குழம்பைத்தான் முயலாகவும் வடை சுடும் பாட்டியாகவும் பார்க்கிறோம்.

1971-இல் அப்பல்லோ 15 வீரர்கள் ஸ்காட்டும் இர்வினும் கால் கிலோவுக்குச் சற்று மேற்பட்ட வெள்ளை அனார்த்தோசைட் கல் ஒன்றை எடுத்துவந்தார்கள். 'ஆதியாகமக் கல்' என்றே அதற்குப் பெயர் நிலைத்துவிட்டது. பின்னால் நம் சந்திரயான் 1 சுமந்துபோன அமெரிக்கக் கருவி, ஓரியண்டேல் என்ற மாபெரும் பள்ளத்தின் வளையத்தில் தூய அனார்த்தோசைட் இருப்பதை மேலிருந்தே பார்த்துச் சொன்னது.

சரி, பூமியும் அதே காலத்தில் உருகித்தான் கிடந்தது. இங்கே ஏன் அப்படி வெள்ளை மேலோடு மிதக்கவில்லை? அழுத்தம் ஒரு காரணம். நிலவின் மையத்தில் இருக்கும் அழுத்தம், பூமியில் சுமார் 150 கிலோமீட்டர் ஆழத்திலேயே வந்துவிடுகிறது. அத்தகைய அழுத்தத்தில் அலுமினியம் பிளாஜியோகிளேஸாகாமல் கார்னெட் போன்ற கனமான கனிமங்களுக்குள் போய்விடும். நீர் இன்னொரு காரணம். குழம்பில் நீர் கலந்திருந்தால் பிளாஜியோகிளேஸ் படிகமாவது தாமதப்படும். அப்படியே ஏதாவது மிதந்திருந்தாலும், பூமியின் பழைய மேலோடு ஓயாமல் உள்ளே போய் உருகிக்கொண்டே இருக்கிறது, தடயம் மிஞ்சாது.

அப்படியானால் சித்தம்பூண்டிப் பாறை அந்த ஆதிக் கடலின் மிச்சம் என்று நினைத்துவிடக் கூடாது. அதன் வயது சுமார் 250 கோடி ஆண்டுகள். நிலவின் மேலோட்டைவிட ஏறத்தாழ 200 கோடி ஆண்டுகள் இளையது. அது பிறந்த வழியும் வேறு. தரைக்கடியில் இருந்த ஒரு குழம்பு அறையில் அடுக்கடுக்காகப் படிந்து, பின்னால் மலை உருவாகும் காலத்து வெப்பத்திலும் அழுத்தத்திலும் வெந்து, அரிப்பினால் மேலே தெரியவந்த பாறை அது.

இந்த இரண்டு பாறைகளுக்கும் உள்ள ஒற்றுமையின் ரகசியம் பிளாஜியோகிளேஸுக்குள் இருக்கும் கால்சியம். இந்தக் கனிமத்தில் கால்சியமும் சோடியமும் இடத்துக்குப் போட்டி போடும். பூமியின் பெரும்பாலான அனார்த்தோசைட்டுகளில் சோடியம் கணிசமாகப் புகுந்துவிடுகிறது. நிலவில் கால்சியம் ஏறத்தாழ முழு வெற்றி. காரணம், நிலவு திரண்ட வெப்பத்தில் எளிதில் ஆவியாகும் தனிமங்கள் போய்விட்டன. சோடியமும் அப்படித்தான், நீரும் அப்படித்தான். போட்டியாளரே இல்லை. சித்தம்பூண்டியிலும் கால்சியம்தான் வென்றது, ஆனால் அங்கே உதவியது நீர். நீர் நிறைந்த குழம்பில் உருவாகும் பிளாஜியோகிளேஸ் கால்சியத்தை அதிகம் இழுத்துக்கொள்ளும் என்பது ஆய்வகச் சோதனைகளில் தெளிவானது. சித்தம்பூண்டியின் குரோமைட் பட்டைகளோடு சேர்ந்திருக்கும் ஆம்ஃபிபோல் கனிமங்கள், தங்கள் கட்டமைப்பிலேயே நீரைப் பிடித்து வைத்திருப்பவை. அந்தப் பழைய குழம்பில் நீர் இருந்ததற்கு அவை சாட்சி. நிலவில் வறட்சி செய்ததை நாமக்கல்லில் நீர் செய்தது. எதிரெதிரான இரண்டு வழிகள், ஒரே கனிமம். இதற்கு நிகரான வியப்பை நான் அதிகம் படித்ததில்லை.

தமிழ்நாட்டில் திருவக்கரையிலும் சாத்தனூரிலும் உள்ள கல்மரங்களும் பரங்கிமலையின் சார்னோகைட் பாறையும் தேசிய நிலவியல் நினைவுச்சின்னங்களாக மதிக்கப்படுகின்றன. சித்தம்பூண்டிக்கும் அப்படி ஒரு காப்பு வேண்டும். ஜல்லிக்கு உடைக்க வேறு கல் ஏராளமாகக் கிடைக்கும்.

2023 ஆகஸ்ட் 23 மாலை 6 மணி 4 நிமிடத்துக்கு, விழுப்புரத்துக்காரரான வீரமுத்துவேல் திட்ட இயக்குநராக இருந்த சந்திரயான் 3, நிலவின் தெற்கே சுமார் 69 பாகை அட்சரேகையில் தரையிறங்கியது. அதுவரை மனிதர் கைக்கு வந்த நிலவு மண்ணெல்லாம் நடுக்கோட்டை அல்லது நடு அட்சரேகைகளை ஒட்டிய இடங்களிலிருந்து வந்தவை. மேக்மா கடல் நிலவு முழுவதையும் சூழ்ந்திருந்தது உண்மையானால், துருவத்தருகிலும் அதே அனார்த்தோசைட் இருக்க வேண்டும். அதைத் தரையிலேயே நின்று சோதித்தவர் இல்லை. 26 கிலோ எடையுள்ள பிரக்யான் ரோவர் நூறு மீட்டரைச் சற்றுத் தாண்டி ஓடி, 23 இடங்களில் தன் கருவியைத் தரைக்கு அருகே இறக்கியது. கியூரியம் என்ற கதிரியக்கத் தனிமத்தின் கதிர்கள் மண்ணில் பட்டதும் ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய எக்ஸ் கதிரை வெளிவிடும். அதைக் கொண்டு எது எவ்வளவு என்று கணக்கிடலாம். அகமதாபாத் இயற்பியல் ஆய்வகத்தின் விஞ்ஞானிகள் அந்த முடிவுகளை 2024 ஆகஸ்டில் 'நேச்சர்' இதழில் வெளியிட்டார்கள். அங்கே பெரும்பாலும் இரும்பு கலந்த அனார்த்தோசைட். எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒரே கலவை. அப்பல்லோ 16, சோவியத்தின் லூனா 20 ஆகியவை கொண்டுவந்த மேட்டு நில மண்ணோடு நெருக்கம். 1970-இன் ஊகத்துக்குத் துருவத்தருகிலிருந்து கிடைத்த ஆதாரம் இது. பெங்களூர்க் கூடத்தில் கொட்டிவைத்த பொடிக்கு எந்தப் பாறை சரி என்று முன்கூட்டியே எடுத்த முடிவும் சரியாக இருந்தது.

ஒரு சிறு வேறுபாடும் தெரிந்தது. எதிர்பார்த்ததைவிட மெக்னீசியம் சற்று அதிகம். தென்துருவ-எய்ட்கன் பள்ளம் என்று ஒன்று உண்டு. விட்டம் சுமார் 2,500 கிலோமீட்டர். நிலவிலேயே மிகப் பெரியது. அதைக் குடைந்த மோதல் ஆழத்திலிருந்த கனமான பாறைகளை வாரி இறைத்தது. சந்திரயான் 3 நின்ற இடம் அந்தப் பள்ளத்தின் விளிம்பிலிருந்து சுமார் 350 கிலோமீட்டர். அங்கே சிதறி விழுந்த ஆழத்துச் சரக்கு மேலோட்டுப் பொடியோடு கலந்துவிட்டது என்கிறார்கள். அப்படியானால் பிரக்யான் பார்த்த மண்ணில் மிதந்ததும் இருக்கிறது, அடியில் தங்கியதும் இருக்கிறது.

பிரக்யானால் சொல்ல முடியாத ஒன்று வயது. தனிமங்களை எண்ணும் கருவியால் அது முடியாது. ஈயம், சமேரியம், நியோடைமியம் ஆகியவற்றின் ஐசோடோப்புகளை ஆய்வகத்தில் அளந்தாக வேண்டும். அப்பல்லோ 16 கொண்டுவந்த ஓர் அனார்த்தோசைட்டை 2011-இல் அப்படி அளந்தபோது 436 கோடி ஆண்டுகள் என்று வந்தது. எதிர்பார்த்ததைவிட இளமை. நிலவே நாம் நினைத்ததைவிடத் தாமதமாகப் பிறந்ததா, அல்லது மேக்மா கடல் உறைய இத்தனை காலம் பிடித்ததா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. நிலவிலிருந்து மண்ணும் கல்லும் எடுத்துவரும் சந்திரயான் 4 திட்டத்துக்கு 2024 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை 2,104 கோடி ரூபாய் ஒதுக்கியிருக்கிறது. தென்துருவத்தருகிலிருந்து வரும் ஒரு வெள்ளைத் துணுக்கும் 436 கோடிக்கு அருகே வயதைக் காட்டினால், தாமதம் நிலவு முழுவதற்கும் பொருந்தும்; வேறு வயதைக் காட்டினால், அந்தக் கடல் ஓரிடத்தில் முந்தியும் ஓரிடத்தில் பிந்தியும் உறைந்தது என்று கணக்கைத் திருத்தி எழுத வேண்டியிருக்கும்.