வையாபுரிப்பிள்ளை சேர்த்த ஏடுகள்

பேராசிரியர் எஸ். வையாபுரிப்பிள்ளை அவர்களின் பெயரைக் கேட்டவுடன் மாணவர் நினைவுக்கு வருவது சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியே. 1926 முதல் 1936 வரை பதிப்பாசிரியராயிருந்து, ஓர் இலட்சத்துக்கு மேற்பட்ட சொற்களைக் கொண்ட அப்பெருநூலை நிறைவுறச் செய்தவர் அவர். 1891 இல் திருநெல்வேலிச் சீமையிற் பிறந்து, முதலில் வழக்கறிஞராயிருந்து, பின்னர் சென்னையிலும் திருவனந்தபுரத்திலும் பல்கலைக்கழகப் பணியாற்றி, 1956 இல் மறைந்தார்.

வழக்கறிஞர்க்குரிய இயல்பு அவரை விட்டு நீங்கவேயில்லை. சான்று இன்றி ஒரு கூற்றையும் அவர் ஏலார். பனையோலை சில நூற்றாண்டுகளில் இற்றுப்போகும்; அதற்குள் ஒருவர் பெயர்த்தெழுத வேண்டும்; எழுதுவோர் கை தவறினால் பாடம் மாறும். ஆகவே ஏட்டுப் பிரதிகள் பலவற்றைத் தேடிச் சேர்த்து, ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்த்தே நூல்களைப் பதிப்பித்தார்.

அவர் பதிப்பித்தவற்றுள் புறத்திரட்டு என்னும் தொகைநூலின் கதை வியப்புக்குரியது. பெயர் தெரியாத ஒருவர், தமக்குக் கிடைத்த நூல்களிலிருந்து நல்ல செய்யுட்களைத் தெரிந்து தொகுத்து வைத்தார். காலம் அம்மூலநூல்கள் சிலவற்றை விழுங்கிவிட்டது. முத்தொள்ளாயிரத்தில் இன்று நாம் படிக்கும் நூற்றுக்கு மேற்பட்ட செய்யுட்களும், வளையாபதியின் பெரும்பகுதிச் செய்யுட்களும் அத்தொகுப்பினாலேயே பிழைத்தன. ஊர் பேர் தெரியாத ஒருவரின் கையெழுத்து ஒரு காவியத்தின் எஞ்சிய உயிரைக் காத்திருக்கிறது!

பழந்தமிழ் நூல்களின் காலத்தைப் பின்தள்ளியதால் அவர் பெற்ற வசைகள் மிகப் பல. அவர் வகுத்த கால எல்லைகள் எல்லாவற்றையும் நான் ஏற்பவனல்லன். எனினும், மறுப்பவரும் எடுத்தாளும் வண்ணம் சான்றுகளை வெளிப்பட வைத்து வாதாடினாரே, அந்த நேர்மை அவரை ஏசியவர் பலரிடம் இல்லை.

அவர் சேர்த்த நூல்களும் கையெழுத்துப் பிரதிகளும் இன்று அவர் பெயராலேயே கல்கத்தாத் தேசிய நூலகத்தில் உள்ளன. திருநெல்வேலித் தமிழறிஞரின் செல்வத்தை வங்கநாடு பேணுவது சற்று விசித்திரந்தான். ஆயினும் கறையானுக்கு இரையாகாமல் இருக்கின்றதல்லவா?

கொஸ்லந்தயில் இருந்துகொண்டு இதனை எழுதுவதற்குக் காரணம் உண்டு. 1948 ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தின் பின், இந்நாட்டில் வசித்தமைக்குச் சான்று காட்டும்படி கேட்கப்பட்டபோது, கையிற் காகிதம் இல்லாமல் தவித்த தோட்டத்துக் குடும்பங்கள் எத்தனையோ. 2014 ஒக்டோபர் 29 ஆம் நாள் காலை மீரியபெத்தையில் மலை சரிந்தபோது, மனிதரோடும் லயங்களோடும் அவர்தம் பெட்டிகளும் மண்ணுள் அமிழ்ந்தன. பிறப்புப் பத்திரங்கள், தென்னகத்திலிருந்து வந்த கடிதங்கள், திருமணப் படங்கள் ஆகியவற்றுக்கு அங்கே வேறு பிரதி ஏது?

மாணவர்காள்! வீட்டுத் தகரப்பெட்டியைத் திறந்து, அதிலுள்ள பத்திரங்களையும் கடிதங்களையும் பெயர்த்தெழுதுங்கள், படமும் பிடியுங்கள். கடிதம் யார் எழுதியது, எந்த ஊரிலிருந்து, எந்த ஆண்டில் என்பதை அப்பாயியிடம் கேட்டு ஓரத்திற் குறியுங்கள். ஒரு பிரதியை வேறோர் ஊரிலுள்ள உறவினர் வீட்டில் வையுங்கள்.