மூச்சுக்கே செலவாகும் தெம்பு

குளித்துத் தலை துவட்டிவிட்டு வந்து கட்டிலில் உட்கார்ந்தால், அரை மணி நேரத்துக்கு எழுந்திருக்க முடியவில்லை. நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ளவர்கள் பலர் சொல்வது இது. "ராத்திரி பூரா தூங்கித்தானே எழுந்தீங்க, அதுக்குள்ள என்ன அசதி?" என்று வீட்டில் கேட்பார்கள். மூச்சு வாங்குவது பார்ப்பவர் கண்ணுக்குத் தெரிகிறது, அசதி தெரிவதில்லை. அதனால் சோம்பல் என்றோ வயசு என்றோ ஒதுக்கிவிடுகிறோம். நோயாளியும் டாக்டரிடம் சளியையும் இருமலையும் சொல்லிவிட்டு இதைச் சொல்லாமலே திரும்பிவிடுகிறார். அவசியம் சொல்ல வேண்டும். அசதியும் நோயின் ஒரு பகுதிதான், அதைக் குறைக்க வழியும் உண்டு.

மூச்சுக்குழாய் சுருங்கிப்போகும் சிஓபிடி நோய் மட்டுமே 2016 கணக்குப்படி இந்தியாவில் சுமார் ஐந்தரைக் கோடிப் பேருக்கு இருந்தது. பீடி, சிகரெட்டைத் தொடாதவர்களும் இதில் ஏராளம். மைசூரு சுற்றுவட்டாரக் கிராமப் பெண்களிடையே நடந்த ஆய்வு ஒன்று எளிய கணக்கைத் தந்தது: ஒரு நாளில் விறகடுப்பின் முன் இருக்கும் மணி நேரத்தை, அப்படிச் சமைத்த ஆண்டுகளால் பெருக்குங்கள். விடை 60-ஐத் தொட்டால் நாள்பட்ட மூச்சுக்குழாய் அழற்சிக்கான ஆபத்து கூடுகிறது. தினம் மூன்று மணி நேரம் என்றால் இருபதே ஆண்டு. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கமிருந்து பெங்களூருக்கு வந்து பேரன் பேத்தி எடுத்துவிட்ட எத்தனையோ அம்மாக்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தும். இன்றைக்கு வீட்டில் கேஸ் அடுப்பு இருக்கலாம், நுரையீரலில் பழைய புகையின் சேதம் இருக்கிறது.

கோலார் தங்கவயலை இங்கே சொல்லாமல் விட முடியாது. பாறையைத் துளைத்த தூசி சுரங்கத் தொழிலாளிகளின் நுரையீரலில் தழும்பாகப் படிந்தது. சிலிக்கோசிஸ் என்று அதற்குப் பெயர். 1940-களில் அங்கே ஆயிரக்கணக்கானவர்களைப் பரிசோதித்தபோது நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் இந்த நோய் இருப்பது தெரிந்தது. அவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். சுரங்கம் 2001-இல் மூடப்பட்டுவிட்டது. ஆனால் தூசியிலிருந்து விலகி வந்த பிறகும் இந்த நோய் முற்றக்கூடும். தங்கவயலிலிருந்து விடியற்காலை ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்கு வரும் பிள்ளைகளின் வீடுகளில், வாசலில் உட்கார்ந்து இளைத்துக்கொண்டிருக்கும் அப்பாவோ தாத்தாவோ இன்னமும் இருக்கிறார்.

இந்த அசதி எங்கிருந்து வருகிறது? நல்ல உடல்நிலையில் ஓய்வாக இருக்கும்போது, உடல் எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜனில் நூற்றில் ஐந்து பங்குகூட மூச்சுவிடும் வேலைக்குச் செலவாவதில்லை. சிஓபிடி முற்றியவர்களுக்கு இது பல மடங்காகிறது. அவர்களுடைய சிரமம் காற்றை உள்ளே இழுப்பதை விட வெளியே விடுவதில்தான் அதிகம். இழுத்த காற்று முழுவதும் வெளியேறும் முன்பே அடுத்த மூச்சு வந்துவிடுகிறது. மிச்சக் காற்று தேங்கி நெஞ்சு ஊதி நிற்கிறது, உதரவிதானம் தட்டையாகி வலுவிழக்கிறது. கூட இருப்பவர்கள் இதை உணர்ந்து பார்க்கலாம், உங்களுக்கு உடல் நன்றாக இருந்தால் மட்டும். நெஞ்சு நிறைய மூச்சை இழுங்கள். அதில் கொஞ்சத்தை மட்டும் வெளியே விட்டு, அந்த உயரத்திலேயே சிறிய சிறிய மூச்சாக விட்டுக்கொண்டு கூடத்தில் ஒரு நடை போய் வாருங்கள். அப்பா ஏன் பாதிப் பேச்சில் நிறுத்துகிறார் என்பது புரிந்துவிடும்.

இரண்டாவது காரணம் காலில் இருக்கிறது. மூச்சு வாங்குகிறதே என்று நடையைக் குறைக்கிறோம். நடக்காத காலில் தசை கரைகிறது. வலுவில்லாத தசை சின்ன வேலைக்கே களைத்து, மேலும் மூச்சு வாங்க வைக்கிறது. "பேசாம படுத்து ரெஸ்ட் எடுங்க" என்று நாம் அன்போடு சொல்வது இந்தச் சுழலை வேகப்படுத்துகிறது.

இதற்குத்தான் சுவாச மறுவாழ்வுப் பயிற்சி. வாரத்துக்கு இரண்டு மூன்று நாள், ஆறு முதல் எட்டு வாரம்: நடை, கால் கைகளுக்கான பயிற்சி, மூச்சுப் பயிற்சி, நோயைப் பற்றிய விளக்கம். 2015-இல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு 65 சோதனைகளை, அதாவது 3,822 நோயாளிகளின் விவரங்களை, ஒன்றுசேர்த்துப் பார்த்தது. மூச்சுத்திணறல், களைப்பு இரண்டும் தெளிவாகக் குறைந்திருந்தன. இது பலன் தருமா என்று இனியும் சோதித்துக்கொண்டிருக்கத் தேவையில்லை என்னும் அளவுக்கு முடிவு உறுதியாக இருந்தது. இன்ஹேலரை எழுதித் தருவது போல இதையும் சீட்டில் எழுதித் தர வேண்டும் என்பது என் எண்ணம். எழுதித் தராவிட்டால் நீங்களே கேளுங்கள். பெங்களூரில் நிம்ஹான்ஸ் அருகே உள்ள ராஜீவ் காந்தி மார்பு நோய் மருத்துவமனை அரசு மருத்துவமனை. நுரையீரல் பிரிவும் பிசியோதெரபி பிரிவும் உள்ள மற்ற பெரிய மருத்துவமனைகளிலும் விசாரிக்கலாம்.

வீட்டில் தொடங்குவதற்கு மொட்டை மாடியோ நீண்ட வராந்தாவோ போதும். கப்பன் பார்க், லால்பாக் பக்கத்தில் இருப்பவர்களுக்கு வழிநெடுக பெஞ்சு கிடைக்கும். வண்டிப் புகை மிகுந்த நேரமும், டிசம்பர், ஜனவரி மாதப் பனிக் காலையும் வேண்டாம். வெயில் ஏறட்டும். நடக்கும்போது ஒரு சிறிய வாக்கியத்தை முழுதாகச் சொல்ல முடிந்தால் வேகம் சரி. நேற்றை விடக் கொஞ்சம் கூட்டினால் போதும்.

மிச்சமிருக்கும் தெம்பைப் பார்த்துச் செலவழிப்பதும் ஒரு கலை. குளியலையே எடுத்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து குளிக்கலாம். வாளியைக் குனிந்து எடுக்காதபடி முக்காலியின் மேல் வைக்கலாம். கதவைச் சற்றுத் திறந்து வைத்தால் நீராவி அடைக்காது. துவட்டுவதற்குப் பதில் பெரிய துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தால் ஈரம் தானே வாங்கிவிடும். கையைத் தலைக்கு மேல் தூக்கிச் செய்யும் வேலை எதுவானாலும், பின்னல் போடுவதோ கொடியில் துணி காயப்போடுவதோ, இவர்களுக்கு இரட்டைச் செலவு. மூச்சுக்கு உதவிக்கு வரும் தோள், கழுத்துத் தசைகள் அப்போது கைக்குப் போய்விடுகின்றன. கொடியை நெஞ்சளவுக்கு இறக்கிக் கட்டுங்கள். சப்பாத்தியை மேசை முன் உட்கார்ந்து தேயுங்கள். வயிறு முட்டச் சாப்பிட்டால் உதரவிதானத்துக்கு இடமில்லை, கொஞ்சம் கொஞ்சமாக ஐந்தாறு வேளை சாப்பிடலாம்.

லிஃப்ட் இல்லாத வீட்டின் மாடிப்படியில், படி ஏறும்போது மூச்சை விடுங்கள், நிற்கும்போது இழுங்கள். மூக்கால் இரண்டு எண்ணும் வரை இழுத்து, விசில் அடிப்பது போல உதட்டைக் குவித்து நான்கு எண்ணும் வரை விட்டால் தேங்கிய காற்று வெளியேறும்.

எல்லா அசதிக்கும் நுரையீரலே காரணம் என்று விட்டுவிடவும் கூடாது. ரத்தசோகை, தைராய்டு, இதயக் கோளாறு, குறட்டையோடு மூச்சு நின்று நின்று வரும் தூக்கம், மனச்சோர்வு என்று எல்லாவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். இன்ஹேலரைச் சரியாக இழுக்கிறீர்களா என்று நர்ஸ் முன் ஒருமுறை செய்து காட்டுங்கள்.

ஆக்சிஜன் பற்றி ஒரு வார்த்தை. கோவிடுக்குப் பிறகு பல வீடுகளில் கான்சன்ட்ரேட்டர் இருக்கிறது. அசதிக்கு அது மருந்தல்ல. ரத்தத்தில் ஆக்சிஜன் ஓய்விலேயே மிகவும் குறைந்தவர்களுக்கு, ஒரு நாளில் 15 மணி நேரத்துக்குக் குறையாமல் வைத்தால் ஆயுள் கூடுகிறது. மற்றவர்களுக்கு அந்தப் பலன் கிடைப்பதில்லை. சிலருக்கு அளவுக்கு மீறிய ஆக்சிஜன் ரத்தத்தில் கரியமில வாயுவை ஏற்றிவிடும், அதனால் ஃப்ளோவை நீங்களாகக் கூட்டாதீர்கள். பெங்களூரு சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் ஆக்சிமீட்டர் சென்னையில் காட்டியதை விடச் சற்றுக் குறைத்துக் காட்டலாம். உங்களுக்கு இயல்பான எண் எது என்று டாக்டரிடம் கேட்டு எழுதி வையுங்கள்.

வழக்கமான அசதி திடீரென்று கூடினாலோ, சளி நிறம் மாறினாலோ, கால் வீங்கினாலோ அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். உதடு நீலம் பூத்தாலோ, எழுப்பினாலும் மந்தமாகத் தூங்கி வழிந்தாலோ காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.