எட்டு வயரும் சேரணும்!

எடமலைப்பட்டி புதூரில் ஒரு வீடு. கீழே வீட்டுக்காரர், மாடியில் வாடகைக் குடித்தனம், இரண்டுக்கும் சேர்த்து ஒரே நெட். கம்பெனி மாற்றுகிற நாளில் அங்கே நின்று வேடிக்கை பார்க்கக் கிடைத்தால் விடவே கூடாது. கிராப்பட்டிப் பக்கமிருந்து கம்பம் கம்பமாகத் தாவி வந்த கறுப்பு ஒயர், ஜன்னலோர ஓட்டை வழியே ஹாலுக்குள் தலைநீட்டுகிறது. ஆரம்பம்!

ஃபைபர்காரத் தம்பி தரையில் சம்மணமிட்டு ஒயரின் தோலை உரிக்கிறார். உள்ளே இருக்கும் கண்ணாடி இழையின் கனம் 125 மைக்ரான். வெளிச்சம் ஓடுகிற நடுப்பகுதி அதிலும் வெறும் 9 மைக்ரான்! துடைத்து, கிளீவரில் வைத்து, 'டிக்'. ஸ்பிளைசிங் மெஷினை மூடியதும் குட்டித் திரையில் இரண்டு முனைகளும் பூதாகாரமாகத் தெரிகின்றன. தானே நகர்கின்றன, தானே நேராகின்றன, பளிச்சென்று ஒரு மின்பொறி. கண்ணாடியும் கண்ணாடியும் உருகி ஒன்றாகிவிட்டன! பவர் மீட்டரில் மைனஸ் 20. "மைனஸ் 27 தாண்டினாத்தான்க்கா தொந்தரவு" என்கிறார். பச்சை கனெக்டரை மோடமில் செருகியதும் சிவப்பு விளக்கு அணைகிறது. இப்போது அந்த ஒற்றை இழையில் நமக்கு வரும் வெளிச்சம் 1490 நானோமீட்டரில், நம்மிடமிருந்து போவது 1310-இல். எதிரெதிரே ஓடியும் மோதிக்கொள்ளாது. நினைத்தாலே சிலிர்க்கிறது!

கீழே நெட் பறக்கிறது. மாடியில்? வைஃபை கோடு முழுசாக நிற்கிறது, ஒரு பக்கமும் திறக்கவில்லை. "தம்பி, மாடிக்கும் சேர்த்துத்தானேப்பா பணம் கட்டிருக்கோம்" என்று வீட்டுக்கார அக்கா முகம் சுருங்க, நமக்கோ ஆட்டம் இங்கேதான் சூடுபிடிக்கிறது.

மாடியில் இருப்பது பழைய ரூட்டர். பழைய கம்பெனி கொடுத்த யூசர்நேமையும் பாஸ்வேர்டையும் வைத்துக்கொண்டு, வீடு மாறியவர் பழைய சாவியைப் புதுப் பூட்டில் திருகுவதுபோல விடாமல் முயன்றுகொண்டிருக்கிறது. போதாததற்கு, கீழே இருக்கும் புது மோடத்தின் முகவரி 192.168.1.1, இதற்கும் அதே முகவரி. எந்தப் பக்கம் அனுப்புவது என்று அதற்கே புரியாது. கோளாறு வெளியே கம்பத்தில் இல்லை, வீட்டுக்குள் செட்டிங்கில்! கம்பெனி மாறிய வீடுகளில் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான் என்று அடித்துச் சொல்வேன். வைத்தியம் சுலபம். மாடி ரூட்டரின் முகவரியை 192.168.1.2 ஆக்கி, முகவரி பங்கிடும் டிஎச்சிபியை அணைத்து, கீழிருந்து வரும் கேபிளை வேன் போர்ட்டிலிருந்து பிடுங்கி லேன் போர்ட்டில் செருகுகிறார். வீடு முழுக்க ஒரே நெட்வொர்க்!

ஆனால் 200 எம்பிபிஎஸ் பிளானில் மாடிக்கு 94-தான் வருகிறது. அந்த எண்ணைப் பார்த்ததும் தம்பி சிரித்துவிட்டார். "வயர் கட்டு சார். எட்டு வயரும் சேரணும்." 100 எம்பிபிஎஸ்ஸுக்கு நாலு வயர் போதும், அதற்கு மேல் போக எட்டும் வேண்டும். மாடிப்படி ஜன்னலில் நசுங்கிக் கிடந்த முனையை வெட்டிவிட்டு, வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை பிரவுன், பிரவுன் என்று முணுமுணுத்தபடி விரல்நுனியில் அடுக்கிப் புது ஜாக்கை கிரிம்ப் செய்கிறார். வேகம் 190-ஐத் தாண்டியது. மாடித் தம்பி கைதட்டியே விட்டார்!

வாசல் கேமரா மட்டும் வெளியூரிலிருந்து தெரியவில்லை. மோடமின் வெளிமுகவரி 100.64 என்று ஆரம்பித்தால் காரணம் அங்கேயே இருக்கிறது. பழைய முறை முகவரிகள் உலகத்துக்கே சுமார் 430 கோடிதான் என்பதால், கம்பெனிகள் ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கிடுகின்றன. வெளியிலிருந்து கேமராவைத் தேடி வரும் அழைப்புக்கு எந்த வீடு என்று தெரியாது. ஸ்டாட்டிக் ஐபி கேட்டு வாங்கலாம். கேமராவின் சொந்த ஆப் வழியாகவும் பார்க்கலாம். அக்கா ஆப்பைத் தேர்ந்தெடுத்தார்.

கடைசியாக ஒரு வித்தை. புது வைஃபைக்குப் பழைய பெயரையும் பழைய பாஸ்வேர்டையுமே ஃபைபர்காரத் தம்பி வைக்கிறார். ஒன்றையும் தொட வேண்டாம். டிவி, தாத்தாவின் போன், மாடி லேப்டாப் என்று மோடமின் செட்டிங் பக்கத்தில் பெயர்கள் சரசரவென்று வந்து விழுகின்றன. நடுவே இரண்டு குடித்தனத்துக்கும் தெரியாத ஒரு போன்! "இது யாருப்பா?" என்று அக்கா கேட்க, பாஸ்வேர்டு அப்போதே மாறியது.