கோலூன்றியாவது நடப்போம்

பக்கவாதத்தினின்று கர்த்தருடைய கிருபையால் பிழைத்தெழுந்த ஒருவர் உங்கள் குடும்பத்திலோ சபையிலோ இருக்கக்கூடும். விடியற்காலையில் மேற்கு மாரெட்பள்ளியின் நேரு நகர்ப் பூங்காவைச் சுற்றி நடந்தவர், இன்று ஜன்னலோரம் அமர்ந்திருக்கலாம். “முழுச் சுகம் கிடைத்து சாட்சி சொன்ன பிறகு வெளியே போகலாம், கோலோடு போனால் பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்கள்?” என்பது அவருடைய தயக்கம்.

யாக்கோபை நினைத்துப் பாருங்கள் (ஆதியாகமம் 32). அவன் பெனியேலில் ஆசீர்வாதம் பெற்றுப் புறப்பட்டபோது பொழுது விடிந்திருந்தது. அவன் நடையிலோ குறை இருந்தது. அக்குறை நீங்கும்வரை அவன் அங்கே தங்கவில்லை. அந்த நடையோடே சென்று தன் சகோதரனைச் சந்தித்தான்.

அமெரிக்க ஜனாதிபதி ஐசனோவர் 1957 நவம்பர் 25 அன்று, தம் 67ஆம் வயதில், இலேசான பக்கவாதத்தால் பேச்சுத் தடுமாறினார். மறுமாதமே பாரீஸ் மாநாட்டிற்குச் சென்றார். தமக்குப் பிரியமான கோல்ஃப் மைதானத்திற்கும் திரும்பினார். 1968 பிப்ரவரியில், 77ஆம் வயதில், ஒரே அடியில் பந்தைக் குழியில் சேர்த்தார். அவர் வாழ்நாளில் அதுவே முதல் முறை.

எல்லாருக்கும் மீட்சி அவ்வளவு விரைவில் வருவதில்லை. ஆயினும் மூளையை தேவன் அற்புதமாய்ப் படைத்திருக்கிறார். ஒரு பகுதி சேதமடைந்தால், திரும்பத் திரும்பச் செய்யும் பயிற்சியினால் வேறு பகுதிகள் அவ்வேலையைக் கற்றுக்கொள்ளுகின்றன. ஆகையால் உடற்பயிற்சி சிகிச்சையை விடாதீர்கள். விசுவாசத்தின் பெயரால் இரத்த அழுத்த மாத்திரையை நிறுத்தாதீர்கள். அதை நிறுத்தினால் மீண்டும் பக்கவாதம் வரும் ஆபத்து அதிகம். ஜெபமும் மருந்தும் ஒன்றுக்கொன்று பகையல்ல.

மருத்துவர் அனுமதித்த பின்பு நடைக்குப் புறப்படுங்கள். முதல் நாள் ஒரு பெஞ்சிலிருந்து அடுத்த பெஞ்சு வரை போதும். நடைபாதையின் மேடு பள்ளங்களைத் தவிர்த்து, சமமான தரையில் நடங்கள். குதிகாலில் வார் உள்ள செருப்பே நல்லது. கோடையில் வெயில் ஏறுமுன் வீடு திரும்புங்கள். பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதிய சீட்டு சட்டைப்பையில் இருக்கட்டும். துணைக்கு வருபவர் பலவீனமான பக்கத்தில் நடக்கட்டும். முகம் கோணினாலோ, கை தளர்ந்தாலோ, பேச்சுக் குழறினாலோ, உடனே 108ஐ அழையுங்கள். இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக 4½ மணி நேரத்திற்குள் கொடுத்தாக வேண்டும்.

துணைக்கு வருபவர் யார்? பிள்ளைகள் வேலைக்குப் புறப்படும் அவசரத்தில் இருப்பார்கள். உறவினரோ சொந்த ஊரில். இந்நகரத்தில் நமக்கு உறவு சபைதான். சகோதரரே, வியாதியஸ்தரின் வீட்டிற்குச் சென்று ஜெபித்துத் திரும்புகிறீர்கள், நல்லது. அடுத்த முறை காலை ஆறு மணிக்குச் செல்லுங்கள். ஜெபித்தபின் அவர் கரத்தைப் பிடித்து, தெருமுனை வரையாகிலும் அவரோடு நடந்து வாருங்கள்.

கர்த்தர் தாமே உங்கள் நடைகளை உறுதிப்படுத்துவாராக. ஆமென்.