அரபிக்கடலில் மறைக்கப்பட்ட 242

குற்றாலத்தில் சீசன் தொடங்கிவிட்டதா என்பதைத் தென்காசிக்காரர்கள் காற்றை வைத்தே சொல்லிவிடுவார்கள். அரபிக்கடலைக் கடந்து வரும் தென்மேற்குப் பருவக்காற்று, ஆரியங்காவுக் கணவாய் வழியே செங்கோட்டைப் பக்கம் நுழைந்து ஊரெங்கும் சாரலைத் தூவுகிறது. இங்கே வருவதற்கு முன் அது கடலில் ஒரு பெரிய வேலையை முடித்துவிட்டு வருகிறது. சோமாலியா, ஓமன் கரையோரங்களில் மேல்நீரை அது விலக்கித் தள்ள, ஆழத்திலிருந்து சத்து நிறைந்த குளிர்நீர் மேலெழுகிறது. மிதவை உயிர்கள் பெருகுகின்றன, சிறுமீன்கள் திரள்கின்றன. அந்த இரையை நம்பி ஒரு கூனல்முதுகுத் திமிங்கலக் கூட்டம் ஆண்டு முழுவதும் அரபிக்கடலிலேயே வாழ்கிறது.

மற்ற கடல்களின் கூனல்முதுகுத் திமிங்கலங்கள் கோடையில் துருவத்தை நோக்கிப் போய் இரையெடுக்கும். குளிர்காலத்தில் வெப்பக்கடலுக்கு வந்து குட்டி போடும். நம் கடலின் கூட்டம் அப்படிப் போவதில்லை. சுமார் 70,000 ஆண்டுகளாக அது தனித்து வாழ்கிறது என்கின்றன மரபணு ஆய்வுகள்.

1946-ம் ஆண்டு ஒப்பந்தத்தால் உருவான சர்வதேசத் திமிங்கல ஆணையத்தைச் சென்ற வாரம் பார்த்தோம். சோவியத் யூனியன் அதன் உறுப்பு நாடு. 1965-66-ல் சோவியத் வேட்டைக் கப்பல்கள் ஓமன், பாகிஸ்தான், வடமேற்கு இந்தியக் கடற்பகுதிகளில் 242 கூனல்முதுகுத் திமிங்கலங்களைக் கொன்றன. பெரும்பகுதி 1966 நவம்பரில் கொல்லப்பட்டவை. ஆணையத்துக்குப் பொய்க்கணக்கு போனது. சோவியத் யூனியன் சிதறிய பிறகு, 1990-களில் அந்நாட்டு விஞ்ஞானிகளே உண்மையை வெளியிட்டார்கள். ஓமன் கடற்பகுதியில் பின்னர் நடந்த ஆய்வு சுமார் 80 திமிங்கலங்களையே மதிப்பிட்டது. அரை நூற்றாண்டு கடந்தும் அந்தக் கூட்டம் தேறவில்லை.

வணிக வேட்டையை ஆதரிக்கும் நாடுகளின் வாதத்தை நான் ஒதுக்கிவிடவில்லை. மிங்கி திமிங்கலங்கள் ஏராளமாக இருக்கின்றன, அறிவியல் கணக்குப்படி அளவோடு பிடித்தால் இனம் அழியாது என்கின்றன ஜப்பானும் நார்வேயும் ஐஸ்லாந்தும். மிங்கி ஏராளம் என்பது உண்மைதான். ஆனால், அளவோடு பிடிப்பது என்ற ஏற்பாடு முழுக்க முழுக்கக் கணக்கின் நேர்மையை நம்பி நிற்கிறது. அரபிக்கடலில் பொய்த்தது அந்தக் கணக்குதான். பெரிய திமிங்கலம் இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை ஒரே ஒரு குட்டி ஈனும். பொய் அம்பலமாகும்போது இனம் மீளும் காலம் கடந்திருக்கும்.

அதனால்தான் 1982-ல் ஆணையத்தில் வணிக வேட்டைத் தடை வாக்கெடுப்புக்கு வந்தபோது, அரபிக்கடலின் இரு கரைகளில் இருக்கும் இந்தியாவும் ஓமனும் ஆதரித்தது சரியான முடிவு. 25 நாடுகள் ஆதரித்தன, 7 எதிர்த்தன. அதற்கு முன்பே, 1979-ல், செஷல்ஸ் நாட்டின் முன்மொழிவால் இந்தியப் பெருங்கடல் திமிங்கலச் சரணாலயம் ஆகியிருந்தது.

ஜப்பான் ஆராய்ச்சி என்ற பெயரில் அண்டார்டிக்கில் வேட்டையைத் தொடர்ந்தபோது ஆஸ்திரேலியா சர்வதேச நீதிமன்றம் போனது. 2014 மார்ச் 31-ல் 12-க்கு 4 என்ற கணக்கில் தீர்ப்பு ஜப்பானுக்கு எதிராக வந்தது. இந்தியாவின் நீதிபதி தல்வீர் பண்டாரி பெரும்பான்மையில் இருந்தார். ஜப்பான் வேறொரு திட்டத்தோடு மீண்டும் அண்டார்டிக் போனது. 2019-ல் ஆணையத்தைவிட்டு விலகிய பிறகே அங்கிருந்து வெளியேறி, வேட்டையைத் தன் கடல் எல்லைக்குள் வைத்துக்கொண்டது. முழு வெற்றி இல்லைதான். ஆனாலும் விடாப்பிடியான சட்டப் போராட்டமும் உலகக் கருத்தும் ஒரு பெருங்கடலையே வேட்டையிலிருந்து விடுவித்திருக்கின்றன.

நாடுகள் செய்ய வேண்டியது இதுதான்: தடையைத் தளர்த்தும் எந்தப் பேரத்துக்கும் இணங்கக் கூடாது; வேட்டையாடும் நாடுகளோடு பேச்சையும் முறிக்கக் கூடாது. இந்தியாவுக்குக் கூடுதல் கடமை உண்டு. 2017-ன் இறுதியில், ஓமனில் கருவி பொருத்தப்பட்ட லுபான் என்ற பெண் திமிங்கலம் அரபிக்கடலைக் கடந்து கோவா பக்கம் வந்து, நம் தென்முனை வரை நீந்தியது. எல்லை தாண்டும் அந்த உயிரை ஒரு நாடு மட்டும் காக்க முடியாது. இந்தியா, ஓமன், பாகிஸ்தான், இலங்கை நான்கும் தங்கள் தரவுகளை ஒளிக்காமல் பகிர வேண்டும். வலையில் சிக்கும் திமிங்கலத்தை விடுவிக்கும் மீனவருக்கு, அறுந்த வலைக்கு உரிய இழப்பீடு கிடைக்க வேண்டும்.

ஈட்டி ஓய்ந்த கடலிலும் திமிங்கலங்கள் சாகின்றன, கப்பல் மோதி. இலங்கையின் தேவேந்திரமுனைக்கு அடுத்த வாரம் போவோம்.

(தொடரும்)