சூரியனருகே வளையும் ஒளி, காசிமேட்டுப் படகின் கணக்கு

நல்ல மீன் கிடைத்த இடத்தை மறுநாளும் பிடிக்க, கருவிகள் வருவதற்கு முன் மீனவர்கள் கரையைத்தான் பார்த்தார்கள். கோயில் கோபுரமும் ஒரு பனைமரமும் ஒன்றன்பின் ஒன்றாகத் தெரியும் இடம்வரை போவார்கள்; இன்னொரு திசையில் இன்னொரு ஜோடி அடையாளம். இரண்டு கோடுகளும் வெட்டும் இடமே அந்த இடம். ஒளி நேராக வரும் என்பதுதான் முழுக் கணக்குக்கும் ஆதாரம்.

இன்று காசிமேட்டிலிருந்து புறப்படும் விசைப்படகுகளில் ஜி.பி.எஸ். இருக்கிறது. கோபுரத்தின் இடத்தில் செயற்கைக்கோள். ஆதாரம் பழையதுதான், அதில் ஐன்ஸ்டைன் ஒரு திருத்தம் செய்திருக்கிறார்.

1915இல் முழுமை பெற்ற பொதுச் சார்பியலின்படி, நிறையுள்ள பொருள் தன்னைச் சுற்றியுள்ள காலவெளியை வளைக்கிறது. அந்த வளைவுக்குள் ஒளி தன்னளவில் நேராகவே போகிறது. சென்னைத் துறைமுகத்திலிருந்து தூரதேசம் செல்லும் கப்பல் உருண்டைப் பூமியில் மிகக் குறுகிய வழியைப் பிடித்தாலும், தட்டையான வரைபடத்தில் அது வளைந்துதான் தெரியும். ஒளிக்கும் அப்படியே.

வளைவது வெளி மட்டுமல்ல, காலமும்கூட. இந்தக் கோட்பாட்டில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. சூரியனுக்கு அருகே காலம் மெதுவாக நகர்கிறது. அதனால் ஒளியலையின் முகப்பில் சூரியன் பக்கத்து முனை பின்தங்கும், மறுமுனை முந்தும். முகப்பு முழுவதும் சூரியன் பக்கம் திரும்பிவிடும். 1911இல் ஐன்ஸ்டைன் இதை மட்டும் கணக்கிட்டார். பாதி விடைதான் கிடைத்தது. வெளியின் வளைவையும் சேர்த்த பிறகே, சூரிய விளிம்பை உரசிவரும் ஒளி 1.75 ஆர்க் செகண்டு திரும்பும் என்று வந்தது. ஒரு டிகிரியில் ஏறக்குறைய இரண்டாயிரத்தில் ஒரு பங்கு!

இரண்டு பாதிகளையும் தேடியவர் நம் கொடைக்கானலில் இருந்தார். 1907இல் அங்குள்ள சூரிய ஆய்வகத்துக்கு வந்து, 1911இல் இயக்குநரான ஜான் எவர்ஷெட். சூரியனில் காலம் மெதுவாக ஓடினால், அதன் நிறமாலைக் கோடுகள் சிவப்பை நோக்கிப் பத்து லட்சத்தில் இரண்டு பங்கு நகர வேண்டும். சூரிய வாயுக்களின் ஓட்டமும் அதே கோடுகளை நகர்த்தும். எது எதனால் என்று பிரிப்பது பெரும்பாடு. சூரியனின் மறுபக்க ஒளியைப் பிடிக்க, வெள்ளிக் கோளில் பட்டுத் திரும்பும் வெளிச்சத்தைக்கூட அவர் ஆராய்ந்தார். பல ஆண்டு ஐயத்துக்குப் பிறகு 1923 வாக்கில் ஐன்ஸ்டைன் சொன்னதே சரி என்ற முடிவுக்கு வந்தார்.

சூரியன் மறையும்போது அதன் அருகே தெரியும் விண்மீன்களின் ஒளி வளைவதை அளக்க, 1922 செப்டம்பர் 21 கிரகணத்துக்கு ஆஸ்திரேலியாவின் வாலல் கடற்கரைக்கும் போனார். கருவி காலை வாரிவிட்டது. அங்கேயே முகாமிட்டிருந்த அமெரிக்காவின் லிக் ஆய்வகக் குழுவின் படங்கள் 1.72 ஆர்க் செகண்டு என்ற அளவைத் தந்தன. இதே வளைவை அளக்க வானியலாளர் எடிங்டன் மேற்கொண்ட 1919 கிரகணப் பயணம் ஊரறிந்த கதை. கொடைக்கானல் மலையில் நடந்த இந்த நெடிய உழைப்பையும் நம் பிள்ளைகள் படிக்க வேண்டும்.

எவர்ஷெட் தேடிய கால வளைவுதான் இன்று படகுக் கருவியின் கணக்கிலும் நிற்கிறது. 20,200 கிலோமீட்டர் உயரத்தில் பூமியின் பிடி தளர்வதால், ஜி.பி.எஸ். கடிகாரம் நாளுக்கு 45 மைக்ரோ செகண்டு முந்துகிறது. வேகத்தால் 7 பிந்துகிறது. நிகரம் 38. சிக்னல் வரும் நேரத்தைக் கொண்டே கருவி தூரத்தை அறிகிறது; 38 மைக்ரோ செகண்டில் ஒளி 11 கிலோமீட்டர் ஓடிவிடும். ராயபுரத்துக்கும் எண்ணூருக்கும் இடையே ஏறக்குறைய அவ்வளவு தூரம். அதனால் ஏவும் முன்பே கடிகாரத்தின் அதிர்வெண்ணைச் சற்றுக் குறைத்து வைக்கிறார்கள்.

கீழே வரும் சிக்னலையும் பூமி உண்டாக்கும் காலவெளி வளைவு விட்டுவைப்பதில்லை. அதனால் ஏற்படும் தாமதம், தூரத்தில் சொன்னால், இரண்டு சென்டிமீட்டருக்கும் குறைவு. வலை போடுபவருக்கு அது பொருட்டில்லை. நிலத்தட்டுகளின் நகர்வை மில்லிமீட்டரில் அளப்பவர்கள் அதையும் கழித்த பிறகே கணக்கை முடிக்கிறார்கள்.