வலிய குதிரைக்கு எளிய கடிவாளம்

ஆவடிச் சாலை பிரியும் கரையான்சாவடியில் இன்று ஊர்திகளின் இரைச்சலே ஓங்கிக் கேட்கிறது. எனினும் ‘சாவடி’ என்னும் பெயர், நெடுவழி நடந்தோர் இளைப்பாறிய காலத்தை நமக்கு நினைவூட்டுகிறது. சென்னைச் சாலைகளில் ஓடிய ஜட்கா வண்டிகள் மறைந்துவிட்டன. ஆயினும் மெரினாக் கடற்கரையிலும், திருமண ஊர்வலங்களிலும், அந்தியூர் ஆடித் திருவிழாச் சந்தையிலும் குதிரைகளை இன்றும் காண்கிறோம். அவற்றின் வாயில் கிடக்கும் இரும்பைப் பற்றிச் சிந்திப்போர் சிலரே.

குதிரை, தமிழகத்திற்குக் கடல்வழி வந்த செல்வம். புகார்த் துறையில் குதிரைகள் வந்திறங்கியதைப் பட்டினப்பாலை கூறுகிறது. குதிரையோடு சொற்களும் வந்தன. கடிவாளத்திற்குப் பழந்தமிழில் வழங்கிய ‘கலினம்’, கிரேக்கரின் ‘கலினோஸ்’ என்பதோடு உறவுடையது. ‘லகான்’ பாரசீகத்தின் ‘லகாம்’ என்பதன் திரிபு. ஆனால், 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டிற்கு வந்த மார்க்கோ போலோ, ஆண்டுதோறும் பெருந்தொகையாக வந்த குதிரைகளுள் பல, பேணும் முறை அறியாமையால் மடிந்ததை எழுதினார். பொருள் கொடுத்துக் குதிரையை வாங்கலாம். அறிவை அவ்வாறு வாங்க இயலாது.

வாரை இழுத்தும் நில்லாது பாயும் குதிரைக்குக் கடுமையான கடிவாளமே மருந்து என்பது பலர் எண்ணம். அது பொருந்தாது. குதிரையின் முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் இடையே பல்லில்லா ஈறு உண்டு. கடிவாளம் அவ்விடத்திலும் நாவின் மீதும் அமர்கிறது. அங்கே எலும்பின்மேல் மெல்லிய தோலே உள்ளது. ஓடித் தப்புதலே குதிரையின் இயல்பு. ஆதலின் வலி மிகுந்தால் அது நிற்பதில்லை, மேலும் ஓடுகிறது.

ஆகவே, முதலில் காரணத்தை ஆராய்தல் வேண்டும். கடைவாய்ப் பற்களின் விளிம்பு கூர்மையாகி நாவையும் கன்னத்தையும் கிழிக்கலாம். அவற்றின் முன்னே முளைக்கும் சிறு ‘ஓநாய்ப் பல்’ கடிவாளத்தில் இடித்து வலிக்கலாம். இவற்றைக் கால்நடை மருத்துவர் சீர்செய்வார். உழைப்புக்கு மிஞ்சிய தானியத் தீனியும், பயிற்சிக் குறைவும், ஓட்டுநரின் முரட்டுக் கையும் பிற காரணங்கள்.

கடிவாளம் பெரும்பாலும் இருவகை. வளைய வகையில் கை இழுக்கும் அளவே வாயில் அழுத்தம் உண்டாகும். நீண்ட தண்டுகளும் தாடைச் சங்கிலியும் உடைய வகை நெம்புகோல்போல் இயங்கும். கீழ்த்தண்டு நீள நீள விசை பெருகும். பின்னது பழுத்த கைக்கே உரியது. வழவழப்பான வளைய வகையில் தொடங்குவதே நன்று. தடித்த கம்பி எப்போதும் மென்மையானதன்று. நா பருத்த குதிரைக்கு அது வாயை அடைத்துவிடும்.

அளவறிய, கடைவாய் முதல் மறு கடைவாய் வரை நூலால் அளக்க வேண்டும். இருபுறமும் கால் அங்குலம் மிகுந்திருத்தல் தகும். பல குதிரைகளுக்கு 5 அங்குலம் பொருந்தும். பூட்டிய பின் கடைவாயில் ஒன்றிரண்டு மெல்லிய சுருக்கங்கள் தோன்றலாம். தாழ்ந்தால் நாவைக் கம்பிக்கு மேலே இட்டுக்கொள்ளும். உயர்ந்தால் கடைவாய் புண்ணாகும். தாடைச் சங்கிலிக்குள்ளும் மூக்குவாருக்குள்ளும் இரு விரல் நுழைய வேண்டும். குளிர்ந்த இரும்பைக் கையில் வெதுவெதுப்பாக்கி, பல்லில்லா இடத்தில் கட்டைவிரலிட்டு வாயைத் திறந்து, பல்லில் மோதாமல் நுழைத்தல் முறை.

முள் பதித்த கடிவாளத்தை 1965ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்பு விதிகள் தடைசெய்துள்ளன. அதனைக் காணுமிடத்து அகற்றச் சொல்லுதல் நம் கடமை.

இழுத்த கை இழுத்தபடியே இருந்தால் குதிரையும் எதிர்த்து இழுக்கும். சற்றே இழுத்து, அது பணிந்த கணமே தளர்த்துக. அத்தளர்வே அதற்குப் பரிசு. வலிய குதிரையை நிறுத்துவது இரும்பன்று. விடவேண்டிய வேளையறிந்து விடும் கையே.